மூன்றணா வழக்கு: இராம் மனோகர் லோகியாவின் பார்லிமெண்டு வாழ்வு

குடியாட்சி நாடுகளில் தேர்தல் இருவகைப்படும். நாடு முழுவதும் ஒருங்கே நிகழ்வது பொதுத் தேர்தல். ஒரு தொகுதியின் அங்கத்தினர் இறந்துபட்டாலோ, பதவி துறந்தாலோ, தகுதி இழந்தாலோ, அவ்வொரு தொகுதிக்கு மட்டும் நிகழ்வது இடைத் தேர்தல். பொதுத் தேர்தல் அடைமழை போன்றது. ஆறும் குளமும் அதனால் ஒருங்கே நிரம்பும். இடைத் தேர்தலோ கோடை மழை போன்றது. ஓரூரில் பெய்யும், அடுத்த ஊர் காய்ந்து கிடக்கும். ஆயினும், அக்கோடை மழை ஒன்றைக் கண்டே உழவன் ஏரைச் செப்பனிடத் தொடங்குகிறான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இடைத் தேர்தலில் வென்று வரும் அங்கத்தினரின் நிலை இரங்கத்தக்கதே. அவர் ஒருவரது வாக்கினால் ஆட்சி மாறுவது அரிது. அவருக்குக் கிட்டுவது முழுப் பதவிக் காலமன்று. முன்னவர் விட்டுச் சென்ற எச்சமே. அங்ஙனம் வருபவர் என்னதான் செய்யக்கூடும்? இவ்வினா சென்ற பருவத்தில் நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தில் எழுந்தது. "ஒன்றும் செய்ய இயலாது" என்ற கட்சியே பெரும்பான்மை வாக்குப் பெற்றது. நாம் தோற்ற கட்சியில் இருந்தோம். தோற்றபின் விடையைத் தேடி நூல் நிலையத்துட் புகுந்தோம். அங்கு நமக்குக் கிடைத்த விடையே டாக்டர் இராம் மனோகர் லோகியாவின் வரலாறு. காலங்கடந்து கிடைத்த அவ்விடையை இப்பக்கங்களிலேனும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

லோகியா 1910ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அக்பர்பூரில் பிறந்தார். பம்பாயிலும் காசியிலும் கல்கத்தாவிலும் பயின்று, பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லின் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் உப்பு வரியும் உப்புச் சத்தியாக்கிரகமும் ஆகும். ஏழையின் கஞ்சிக் கலயத்தில் விழும் உப்பின்மீது அரசு எவ்வளவு வரி தண்டுகிறது என்று கணக்கிட்டுத் தம் கல்வியை முடித்தவர், பிற்காலத்தில் அவ்வேழையின் அணாக்களைப் பார்லிமெண்டில் எண்ணிக் காட்டியதில் வியப்பில்லை.

1934ஆம் ஆண்டு தோன்றிய காங்கிரஸ் சோசலிஸ்டுக் கட்சியின் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தலைமறைவாயிருந்து, பம்பாயில் இயங்கிய இரகசிய வானொலிக்குத் துணை நின்றார்; 1944இல் சிறைப்பட்டு லாகூர்க் கோட்டையில் அடைக்கப்பெற்றார்; 1946இல் வெளிவந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கோவாவிற் சென்று போர்ச்சுகீசிய ஆட்சியின் தடையை மீறிப் பேசினார். விடுதலைக்குப்பின் 1948இல் சோசலிஸ்டுகள் காங்கிரசை விட்டுப் பிரிந்தபோது அவரும் பிரிந்தார்.

அவர் வாழ்வில் 1954ஆம் ஆண்டு தனியே நோக்கத்தக்கது. அவ்வாண்டில் நிகழ்ந்த இரு செய்திகளுள் ஒன்று அவரது பிற்காலத் தொகுதியைப் பற்றியது. மற்றொன்று நம் கல்லூரி நின்று நிலவும் இக்குமரி நாட்டைப் பற்றியது.

உத்தரப் பிரதேச சர்க்கார் கால்வாய்ப் பாசனத்துக்கு விதித்த கட்டணத்தை உயர்த்தியது. உழவர்க்கு இது பெருஞ்சுமை எனக் கருதிய லோகியா, கங்கைக் கரையிலுள்ள பரூக்காபாத் நகருக்குச் சென்று, உயர்த்திய கட்டணத்தைச் செலுத்தற்க என மக்களுக்கு உரைத்தார். 1954 ஜூலை 4ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். வரி கொடாதீர் என்று பிறரைத் தூண்டுவதே குற்றம் எனக் கூறிய சட்டம், அந்நியர் ஆட்சியில் 1932ஆம் ஆண்டு இயற்றப்பட்டதாகும். விடுதலை பெற்ற நாட்டில் அச்சட்டம் செல்லுமோ என்று லோகியா வழக்காடினார். 1960ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பேச்சுரிமையை அங்ஙனம் கட்டுதல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவர் சிறையிருந்த பதேகர், பரூக்காபாத் மாவட்டத்தின் தலைநகர் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

மற்றைய செய்தி நம் மண்ணினது. அக்காலத்தில் இக்குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தோடு இணைந்திருந்தது. இதனைச் சென்னை இராச்சியத்தோடு சேர்க்க வேண்டுமென்று இங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியாற் சுட்டனர், உயிர்கள் மாண்டன. அன்று அவ்விராச்சியத்தை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையைத் தலைவராகக் கொண்ட பிரஜா சோசலிஸ்டு மந்திரிசபை. அக்கட்சியின் பொதுச் செயலாளர் வேறெவருமல்லர், லோகியாவே. சிறையில் இருந்தபடியே அவர், மக்கள்மீது சுட்ட மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று தம் கட்சி ஆட்சியையே கேட்டார். ஆட்சி இணங்கவில்லை. பிணக்கு முற்றி, 1955ஆம் ஆண்டு அவர் கட்சியினின்று நீங்கித் தனிச் சோசலிஸ்டுக் கட்சி கண்டார்.

பிறர் ஆட்சியைக் குறை கூறுவார் உலகிற் பலர். தம் கட்சிக்கென்று அரிதிற் கிட்டிய ஆட்சியை, தாம் கண்டறியாத ஓர் ஊரின் மக்கள்பொருட்டு இழக்கத் துணிந்தார் மிகச் சிலர். 1956 நவம்பர் 1ஆம் நாள் நம் தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அவ்விணைப்பைப் பேசும்போது லோகியாவின் பெயரை நாம் எடுத்துரைப்பதில்லை. அவர் அவ்விணைப்புக்காகப் போராடியவர் அல்லர் என்பது மெய்யே. எனினும், சுடப்பட்டவர்க்காகத் தம் கட்சியையே இழந்தவர் என்பதும் மெய்யே.

கட்சியை இழந்தவர்க்குத் தேர்தலிலும் வெற்றி எளிதிற் கிட்டவில்லை. 1957ஆம் ஆண்டு சந்தௌலியில் நின்று தோற்றார். 1962ஆம் ஆண்டு பூல்பூர்த் தொகுதியில் பிரதம மந்திரி நேருவையே எதிர்த்து நின்றார். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டிற் பின்தங்கினார். அவ்வாண்டின் பொதுத் தேர்தலில் காங்கிரஸ், 494 இடங்களுள் 361 இடங்களைப் பெற்றது. எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க ஒன்று அவையில் இல்லை எனலாம்.

அவ்வாண்டின் இறுதியில் சீனப் போர் மூண்டது. நாடு தோல்வியாற் கலங்கியது. இந்நிலையில் 1963 மே மாதம் இடைத் தேர்தல்கள் சில வந்தன. அம்ரோகாவில் ஆசாரிய கிருபளானியும், இராஜகோட்டில் மினூ மசானியும், ஜௌன்பூரில் தீனதயாள் உபாத்தியாயரும், பரூக்காபாத்தில் லோகியாவும் நின்றனர். தம்முட் கொள்கையால் மாறுபட்ட எதிர்க்கட்சிகள், காங்கிரசை எதிர்க்கும் அளவில் இத்தேர்தல்களில் ஒன்றுக்கொன்று துணை நின்றன. தீனதயாள் தோற்றார், ஏனைய மூவரும் வென்றனர்.

பரூக்காபாத்தில் லோகியாவை எதிர்த்து நின்றவர் பி. வி. கேஸ்கர். பத்தாண்டுகள் செய்தி, ஒலிபரப்பு மந்திரியாயிருந்தவர் அவர். வானொலியில் திரைப்படப் பாட்டுக்கு இடந்தராது, கருநாடக, இந்துஸ்தானி இசைகளையே வளர்க்க விரும்பியவர். அவர் செயலால் நம் நாட்டவர் பலர் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்கலாயினர் என்பதை நம் பாட்டனார் தலைமுறையினர் இன்றும் நகைப்போடு கூறுவர். உழவர்க்காக எவ்வூரிற் பேசி லோகியா சிறைப்பட்டாரோ, அவ்வூரே ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது.

இத்தோல்விகள் ஆளுங்கட்சியையும் சிந்திக்க வைத்தன. மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டுமென்று நம் முதல் மந்திரி காமராசர் கூறிய திட்டம் இவ்வேளையிலேயே உருப்பெற்றது. 1963 அக்டோபர் 2ஆம் நாள் அவர் தாமே பதவியை விட்டு நீங்கினார். கோடை மழையைக் கண்டு ஏர் செப்பனிட்ட உழவர் ஆளுங்கட்சியிலும் இருந்தனர் என்க.

ஆகஸ்டு மாதம் லோகியா அவையுட் புகுந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. அம்மாதம் 19ஆம் நாள் கிருபளானி, மந்திரிசபைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றைக் கொணர்ந்தார். விடுதலை பெற்றபின் லோக்சபையில் எழுந்த அத்தகைய தீர்மானங்களுள் அதுவே முதலாவது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்வதற்கே ஐம்பது அங்கத்தினர் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவை விதி. தோற்பது உறுதி என்று தெரிந்தே அது கொணரப்பட்டது. அங்ஙனமாயின் அதன் பயன் யாது? தீர்மானம் அவைமுன் வந்துவிட்டால், எக்குறையையும் எடுத்துரைக்க இடமுண்டு. பிரதம மந்திரி விடையளித்தே தீர வேண்டும். பயன் அதுவே. நான்கு நாட்களில் இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் நடந்தது.

அவ்விவாதத்திலேதான் லோகியா தம் புகழ்பெற்ற கணக்கை வைத்தார். இந்நாட்டு மக்களுள் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவைக் கொண்டே வாழ்கின்றனர் என்றார் அவர். பிரதம மந்திரியின்பொருட்டு நாளொன்றுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் செலவாகிறது என்றும் குறை கூறினார். மூன்றணாக் கணக்கு தவறு, பதினைந்தணா என்பதே சரி என்று நேரு மறுத்தார். திட்ட மந்திரியாயிருந்த குல்சாரிலால் நந்தா ஏழரை அணா என்றார். மூன்றா, ஏழரையா, பதினைந்தா என்பதைப் பற்றிச் செப்டம்பர் மாதத்திற் சபை மீண்டும் கூடி விவாதிக்க நேர்ந்தது. 'மூன்றணாவுக்கு எதிர் பதினைந்தணா' என்ற பெயரால் அவ்வழக்கு வட நாடெங்கும் பரவியது.

இக்கால வாசகர்க்கு அணாவை விளக்குதல் வேண்டும். பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் ரூபாய் நூறு காசாகப் பகுக்கப்பட்டது. எனினும் மக்கள் வாயில் அணா நெடுங்காலம் நின்றது. மூன்றணா ஏறக்குறைய 19 காசு. பதினைந்தணா ஏறக்குறைய 94 காசு.

இனி, இம்மூன்று எண்களும் எங்ஙனம் தோன்றின என்று காண்போம். நாட்டின் ஆண்டு வருமானம் முழுவதையும் கூட்டி மக்கள் தொகையால் வகுத்தால் வருவது தலைவீத வருமானம். நாளொன்றுக்குப் பதினைந்தணா என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 342 ரூபாய் ஆகும். அக்காலத்துத் தலைவீத வருமானம் இதனை ஒட்டியதே. ஆகவே நேரு கூறியது பொய்யன்று. ஆயின் அது நாட்டின் சராசரி. லோகியா பேசியதோ எல்லா மக்களைப் பற்றியன்று. 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி இந்திய மக்கள் தொகை ஏறக்குறைய 44 கோடி. அவருள் 27 கோடி என்பது ஐந்தில் மூன்று பங்கு. அந்தக் கீழ்ப்பகுதியினரின் வருமானத்தையே அவர் கூறினார். வினா ஒன்று, விடை வேறு. அதுவே குழப்பத்தின் வேர்.

இதனை நம் விடுதி உணவுச்சாலையில் வைத்துப் பார்ப்போம். ஒரு மேசையில் பத்து மாணவர் அமர்ந்துள்ளனர். முப்பது இட்டலிகள் வைக்கப்பட்டுள்ளன. முந்தி வந்த நால்வர் ஆளுக்கு ஆறாக இருபத்துநான்கை எடுத்துக்கொள்கின்றனர். பிந்தி வந்த அறுவர்க்கு ஆளுக்கு ஒன்றே எஞ்சுகிறது. கணக்கர் தம் ஏட்டில், 'பத்துப் பேர், முப்பது இட்டலி, ஆளுக்கு மூன்று' என்று எழுதுகிறார். கூட்டலிற் பிழையில்லை; வகுத்தலிலும் பிழையில்லை. ஆயினும் அம்மேசையில் மூன்று இட்டலி உண்டவர் ஒருவரேனும் உளரோ? இல்லை. இதுவே சராசரியின் இயல்பு. அது நாட்டின் அளவைக் காட்டும். நாட்டிலுள்ளாரின் பசியைக் காட்டாது.

ஆயின் லோகியாவின் மூன்றணா சரியோ? இங்கும் நேர்மையோடு கணக்கிடுதல் வேண்டும். பதினைந்தணாவைச் சராசரியாகக் கொண்டால், ஐந்தில் மூன்று பங்கினர் மூன்றணா வீதமே பெறுகின்றனர் என்பது, அவர் அனைவர்க்கும் சேர்ந்து நாட்டு வருமானத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கே கிட்டுகிறது என்றாகும். நந்தாவின் ஏழரை அணாவின்படி அது நூற்றுக்கு முப்பதாகும். ஐந்தில் மூன்று பங்கினர் என்று எடுத்துக்கொள்ளுமிடத்து நந்தாவின் எண்ணே உண்மைக்கு அணித்தென நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அவ்வைந்தில் மூன்றனுள்ளும் அடித்தளத்தில் இருந்தவரை நோக்கினால் கதை வேறாகிறது. சர்க்கார் நடத்திய 1956-57ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் விசாரணையின்படி, அத்தொழிலாளர் குடும்பங்களில் ஒருவர்க்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய நூறு ரூபாய். நாளொன்றுக்கு அது நாலரை அணாவுக்கும் குறைவு. வயலில் நின்றவனிடம் சென்று கேட்டிருந்தால், அவன் பதினைந்தணாவை அன்று, மூன்றணாவையே தன் அயலான் என்று கூறியிருப்பான்.

இவற்றினும் கருதத்தக்க எண் வேறொன்று உண்டு. ஒருவர் உயிர்வாழக் குறைந்த அளவு எவ்வளவு வேண்டுமென்று ஆராய்ந்த திட்டக் குழுவின் வல்லுநர் கூட்டம் ஒன்று, 1960-61ஆம் ஆண்டு விலைப்படி, மாதம் ஒருவர்க்கு இருபது ரூபாய் என்று 1962ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. அது நாளொன்றுக்குப் பத்தரை அணாவுக்குச் சற்று மேல். இதனை நந்தாவின் ஏழரை அணாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கார் தன் வாயாற் கூறிய எண்ணின்படியே, நாட்டின் பெரும்பாலோர் வாழ்க்கை உயிர்வாழ்வுக்கு வேண்டிய அளவினும் தாழ்ந்திருந்தது! லோகியாவின் எண் பிழைபட்டிருக்கலாம். அவர் எழுப்பிய குற்றச்சாட்டு பிழைபடவில்லை. மூன்றணா என்று அவர் இடித்துரையாதிருந்தால், ஏழரை அணா என்ற எண்ணை மந்திரி ஒருவர் அவையில் கூறியிரார்.

தீர்மானத்தின் முடிவு யாவரும் எதிர்பார்த்ததே. ஆதரித்தவர் 62 பேர். எதிர்த்தவர் 347 பேர். வாக்கெடுப்பில் லோகியா தோற்ற பக்கத்தில் இருந்தார். ஆயினும் இவ்விடத்து நேருவுக்கும் உரிய புகழைத் தருதல் கடன். 361 பேரைப் பின்னால் வைத்திருந்த தலைவர், எண்ணிக்கையைக் காட்டி வாயடைத்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. தம்மைக் கடுஞ்சொல்லால் தாக்கியவரின் கணக்குக்கு எழுந்து நின்று விடை கூறினார். அவர் விடை போதாததாயிருக்கலாம். விடை கூற வேண்டும் என்ற மரபு அதனால் வேரூன்றியது. பிற்காலத்தில் வறுமையை அளந்த அறிஞர்கள், 1971ஆம் ஆண்டில் வெளிவந்த தாண்டேகர், ரத் ஆகியோரின் ஆராய்ச்சி முதலாக, சராசரியைக் கடந்து கீழ்ப்பகுதியினரின் செலவையே நோக்கலாயினர்.

லோகியாவின் எஞ்சிய அவை வாழ்வு அமைதியாகக் கழியவில்லை. அவர் நாவில் நயத்தைவிடக் காரம் மிகுதி. சபையின் ஒழுங்கோடு அவர் பன்முறை மோதினார். 1964ஆம் ஆண்டு முங்கேர் இடைத் தேர்தலில் வென்று அவர் கட்சியினராகிய மது லிமாயே வந்து சேர்ந்தபின், கூட்டம் சிறிதாயினும் குரல் பெரிதாயிற்று.

1965 ஆகஸ்டில் பீகாரில் எழுந்த கிளர்ச்சியின்போது பாட்னாவில் அவர் மீண்டும் சிறைப்பட்டார். போர்க்கால நெருக்கடிக்கென இயற்றிய இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் மாவட்ட நீதிபதி ஆணையிட்டார். அவ்விதிகளின்கீழ்ச் சிறைப்பட்டோர், அடிப்படை உரிமைகள் சிலவற்றை நிலைநாட்டுவதற்கு நீதிமன்றம் செல்லவும் அப்போது வழியடைக்கப்பட்டிருந்தது. லோகியா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 'பொது ஒழுங்கு' காக்கவே ஒருவரை அங்ஙனம் சிறையிலிட விதி இடந்தந்தது. ஆணையிலோ 'சட்டமும் ஒழுங்கும்' என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றோ? நீதிபதி இதாயத்துல்லா ஓர் அழகிய விளக்கம் தந்தார். ஒன்றினுள் ஒன்றாக மூன்று வட்டங்களை எண்ணுக. வெளிவட்டம் சட்டமும் ஒழுங்கும். அதனுள் பொது ஒழுங்கு. அதனினும் உள்ளே நாட்டின் காவல். இரு குடிகாரர் தெருவில் அடித்துக்கொள்வது முதல் வட்டத்தைக் கலைக்கும், உள்வட்டங்களைத் தொடாது. ஆகவே ஆணை செல்லாது என 1965 செப்டம்பர் 7ஆம் நாள் லோகியா விடுவிக்கப்பட்டார். பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. போரிடையிலும் ஒரு குடிமகனின் விடுதலைக்காகச் சொற்களை நிறுத்துப் பார்த்த அத்தீர்ப்பு, இன்றும் சட்டக் கல்லூரிகளிற் பயிலப்படுகிறது. இலக்கணம் பயிலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொல் ஒன்று பிறழ்ந்தால் சிறைக்கதவு திறக்கும், அல்லது மூடும்.

மொழித் துறையில் நாம் லோகியாவோடு உடன்படுதல் இயலாது. ஆட்சியினின்றும் கல்வியினின்றும் ஆங்கிலத்தை அகற்ற வேண்டும் என்பது அவரது பேரியக்கம். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழியாகும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துத் தமிழ் மாணவர் எழுந்தபோது, ஆங்கிலத்தை நீக்கினால் அவ்விடத்து இந்தியே அமரும் என்று தமிழகம் அஞ்சியது. அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அவர் கூற்றின் உட்பொருளில் ஒரு பகுதியை, தமிழ் ஆனர்ஸ் பயிலும் நாம் தள்ளிவிட இயலாது. வயலில் உழைப்பவனுக்கு விளங்காத மொழியில் அவன் வாழ்வைப் பற்றி விவாதித்தல் அறமன்று. 'தலைவீத வருமானம்' என்றிருந்தால் அவ்வழக்கு அவைச் சுவருக்குள் அடங்கியிருக்கும். 'மூன்றணா' என்றதனால் அது சந்தைக்கும் களத்துமேட்டுக்கும் சென்றது.

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. லோகியா கன்னௌஜ்த் தொகுதியில் ஐந்நூறுக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார். காங்கிரசுக்கு எதிராக ஏனைக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்று அவர் வற்புறுத்திவந்த கொள்கை, அவ்வாண்டு வட நாட்டு இராச்சியங்கள் சிலவற்றில் கூட்டு மந்திரிசபைகளாக உருக்கொண்டது. அவற்றின் நிறைகுறைகளைக் கண்டு திருத்துதற்கு அவர்க்குக் காலம் வாய்க்கவில்லை. டில்லி வில்லிங்டன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப்பின் நோய் முற்றி, 1967 அக்டோபர் 12ஆம் நாள் தம் ஐம்பத்தேழாம் வயதில் மறைந்தார். அம்மருத்துவமனை பின்னர் அவர் பெயரையே பெற்றது.

ஆக, அவர் பார்லிமெண்டில் இருந்த காலம் நான்காண்டும் சில திங்களுமே. மந்திரி பதவி வகித்ததில்லை. அவர் பேசிய தீர்மானம் தோற்றது. கூறிய எண்ணும் முற்றும் நிலைபெறவில்லை. இவற்றையெல்லாம் கூட்டி வகுத்தால், சொற்போர்க் கழகத்தில் நம்மை வென்ற நண்பர்கள் கூறியதே சரி எனத் தோன்றும். ஆனால் சராசரியை நம்புதலின் தீங்கை அன்றோ அவர் நமக்குக் கற்பித்தார்? ஒருவரது பொதுவாழ்வையும் ஆண்டுகளாலும் வாக்குகளாலும் வகுத்துப் பார்த்தல் போதாது. அவர் எழுப்பிய வினாவுக்கு அவருக்குப்பின் வந்தோர் விடைதேட வேண்டியவராயினரோ என்பதே உரைகல். அவ்வுரைகல்லில் லோகியாவின் பொன் மாற்றுக் குறையவில்லை.

இன்றைய சட்டப்படி, காலியான தொகுதிக்குப் பொதுவாக ஆறு திங்களுக்குள் இடைத் தேர்தல் நடத்தல் வேண்டும். நம் நண்பர்களுட் பலர் வாக்களிக்கும் வயதை இப்போதுதான் எய்தியுள்ளனர். நாளை நம் தொகுதியில் இடைத் தேர்தல் ஒன்று வருமாயின், 'ஒருவரால் என்ன ஆகும்?' என்று சோர்ந்து வீட்டில் அமர்தல் எளிது. அவ்வேளையில் பரூக்காபாத் வாக்காளரை நினைவோமாக. அவர்கள் அனுப்பியவர் ஒருவரே. ஆனால் பிந்தி வந்த அறுவர் எத்தனை இட்டலி உண்டனர் என்று கணக்கரைக் கேட்பதற்கு ஒருவர் போதும்.